பாட்டும் பொம்மையும் படிப்பாகுமா?

"பாட்டுப் பாடுகிறார்கள், பொம்மை செய்கிறார்கள், தாளை வெட்டி ஒட்டுகிறார்கள், படிப்பு எங்கே ஹஜ்ரத்?" மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்தக் குறையைக் காரணமாகச் சொல்லி, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றும் குடும்பங்கள் நம் வண்ணாரப்பேட்டையில் உண்டு. ஆகவே இதற்கு விடை சொல்வது நம் கடமையாகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலில் கண்டதே இரண்டாம் வகுப்பில்தான். அந்த இழப்பை ஈடுசெய்யவே 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் உணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது. பின்னர் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. (சென்னைக்கு இத்தகைய முறை புதிதன்று. 2003இலேயே மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் அட்டைகளைக் கொண்டு செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது.)

தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகின்றனர். 'அரும்பு' என்று கேட்டதும் சில தாய்மார்களுக்கு முகம் வாடிவிடுகிறது. மக்தபில் நடப்பது என்ன? முப்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே உஸ்தாதின் முன் அமர்ந்து தம் சபக்கை ஒப்பிக்கின்றனர். ஒருவர் அலிஃப், பா சொல்கிறார். அடுத்தவர் எழுத்துக் கூட்டுகிறார். இன்னொருவர் அம்ம ஜுஸு ஓதுகிறார். இதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. பள்ளியில் அதே முறை வந்தால் மட்டும் மானம் போய்விடுமா?

நம் மஹல்லாவில் தமிழ் பேசும் வீடும் உருது பேசும் வீடும் அடுத்தடுத்து உள்ளன. உருது வீட்டுப் பிள்ளை, பகலில் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகவும், மாலையில் அரபியை வலமிருந்து இடமாகவும் படிக்கிறது. ஆறு வயதில் மூன்று எழுத்துமுறைகள்! வீட்டில் காதில் விழாத தமிழ்ச் சொற்கள் அப்பிள்ளைக்குப் பாட்டின் வழியாகவும் கதையின் வழியாகவுமே முதலில் வந்து சேர்கின்றன. சொல்லே தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டிப் பயன் என்ன?

கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 'இருபத்து மூன்று' என்னும் சொல்லில் இருபதும் மூன்றும் காதுக்கே தெரிகின்றன. உருதுவில் அது 'தேயீஸ்'. அதில் இருபதாகிய 'பீஸ்' எங்கே, மூன்றாகிய 'தீன்' எங்கே என்று தேட வேண்டும். பத்துப் பத்துக் குச்சிகளைக் கட்டிவைத்து, உதிரிக் குச்சிகளைப் பக்கத்தில் அடுக்கும்போதுதான் பத்தும் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. பெற்றோர் விளையாட்டென்று ஒதுக்குவது இதைத்தான். இப்படி மொழியால் தடுமாறும் பிள்ளைக்குக் 'கணக்கு வராது' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

திட்டத்தில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. செயலியில் மதிப்பீடுகளைப் பதிவதிலேயே நேரம் கழிகிறது என்று ஆசிரியர்கள் சொல்லும் புகார் நியாயமானது. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குரிய நேரம் அது.

ஆனால் நோட்டுப் புத்தகம் நிரம்பியிருப்பதை மட்டும் பார்த்துப் படிப்பை அளக்காதீர்கள். பார்த்து எழுதுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. மனப்பாடமான பாடத்தை உரக்கச் சொல்வதும் வாசிப்பாகாது. பிள்ளை இதுவரை காணாத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குச் சென்று, எந்தப் பாடத்தில் எந்த நிலை, அடுத்த நிலைக்கு என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத தாய்மார்களும் தயங்க வேண்டாம். பள்ளியில் படித்த கதையை உருதுவில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை தன் சொற்களில் தடையின்றிச் சொன்னால், அதற்குக் கதை புரிந்திருக்கிறது.