காது அடைச்சிருக்கா? பட்ஸைக் கீழே வைங்க முதல்ல!

குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது மட்டும் 'கும்'மென்று அடைத்துக்கொள்கிறது. போனை அந்தப் பக்கம் வைத்தால், எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. உடனே கை எதைத் தேடும்? பட்ஸ். இல்லாவிட்டால் ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி. ஊர்ப்பக்கம் என்றால் கோழி இறகு. பல நேரங்களில் அடைப்பை உண்டாக்கியதே இந்தப் பழக்கம்தான்.

அழுக்கு என்று நாம் நினைக்கிற குறும்பி, உண்மையில் காதுக்குக் காவல். காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். அதன் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. தூசியைப் பிடித்துவைக்கும், தோலை வறளவிடாது, கிருமிகளை அண்டவிடாது. காதுக்குள் இருக்கும் தோல், செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதும் கைகொடுக்க, பழைய குறும்பி தானாக வெளியே வந்து உதிர்ந்துவிடும்.

பட்ஸ் செய்வது நேர்மாறான வேலை. பஞ்சில் ஒட்டுவது கொஞ்சம், உள்ளே தள்ளப்படுவது அதிகம். திருவிழாவில் வேட்டுக்குழாய்க்குள் மருந்தை இடித்துக் கெட்டிப்பார்களே, அந்த மாதிரி. குளிக்கும்போது தண்ணீர் பட்டு அது ஊதிவிட்டால், மிச்சமிருந்த சந்தும் போச்சு.

"ஆனா சுகமா இருக்கே?" இருக்கும்தான். அங்கே நரம்புகள் அதிகம். குடையும்போது சிலருக்கு இருமல் வருவதுகூட அதனால்தான். ஆனால் குடையக் குடையத் தோல் உரசி அரிக்கும், அரித்தால் மறுபடி குடைவோம்.

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்கு நாடு முழுக்கத் தடை. சுற்றுச்சூழலுக்காக வந்த தடை அது. குச்சி காகிதமாக, மூங்கிலாக மாறியதில் காதுக்கு ஒரு லாபமும் இல்லை.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? இளக்குவது மட்டும். மெடிக்கல் ஷாப்பில் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். ஆலிவ் எண்ணெயும் போதும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். தினம் இரண்டு வேளை, மூன்று முதல் ஐந்து நாள். நடுவில் அடைப்பு கூடியதுபோலத் தோன்றலாம், பதறி பட்ஸை எடுத்துவிடாதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றுகிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். காதில் மெழுகுவத்தி ஏற்றுவதும் அப்படியே. அது குறும்பியை உறிஞ்சாது, தோலைத்தான் சுடும்.

காதில் வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு ஆபரேஷன்... இதில் எது இருந்தாலும் சொட்டு மருந்துகூட விடக் கூடாது. சுகர் உள்ள அப்பா அம்மாவுக்கு வீட்டில் சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: சின்னக் கீறலும் ஈரமும் சேர்ந்தால் அவர்களுக்கு எலும்புவரை போகிற தொற்றுகூட வரலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் சக்ஷனில் எடுத்தால் பெரும்பாலும் சில நிமிட வேலை.

இன்னொன்றுதான் எனக்கு நிஜமாகவே கவலை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் "குறும்பியா இருக்கும், பார்த்துக்கலாம்" என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். அது நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கக் கேட்கும் திறன் திரும்புகிற வாய்ப்பு குறையும்.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் குறும்பி மாதிரியான அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கமே பலமாகக் கேட்டால், நரம்புமீது சந்தேகப்பட வேண்டும். இது வெறும் அறிகுறிதான், பரிசோதனை ஆகாது. ஆனால் சத்தம் நல்ல காதுப் பக்கம் போனாலோ, கூடவே தலைசுற்றலும் இரைச்சலும் இருந்தாலோ, சொட்டு மருந்தைத் தூரவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கிளம்புங்கள்.