குணா குகையிலிருந்து மேலே வந்த பாட்டு

குணா படத்துக் கண்மணி பாட்டைக் கடைசியா எப்ப கேட்டீங்க? கேட்டப்போ மனசுல வந்தது யாரு? கமலா, இல்ல, ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மேலே வரும் இரண்டு பையன்களா?

2024 பிப்ரவரிக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு, என்னைச் சுற்றியிருக்கும் பலருக்கும் கயிறுதான் முதலில் ஞாபகம் வருகிறது. டாக்டருக்கு எதுக்குய்யா சினிமாப் பாட்டுன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, கடைசியில வரேன்.

1991 தீபாவளி, நவம்பர் 5. ஒரே நாளில் தளபதியும் குணாவும் ரிலீஸ். இரண்டுக்கும் இசை இளையராஜா, பாட்டு வாலி. தளபதி பிய்த்துக்கொண்டு ஓடியது. குணாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் பாட்டு நின்றுவிட்டது. கமல் பேச்சுநடையில் சொல்லச் சொல்ல, ஜானகி அதைப் பாட்டாக்கித் திருப்பிக் கொடுப்பார். காதல் கடிதம் எழுதத் தெரியாத ஒருத்தன் எழுதிய காதல் கடிதம்.

அந்தக் கடிதத்தை அவன் யாரை வைத்து எழுதுகிறான்? தான் கடத்திக்கொண்டு வந்த பெண்ணை வைத்து. குணா மனநோயாளி. தன் கற்பனையில் இருக்கும் அபிராமி இவள்தான் என்று நம்பி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பாட்டின் இனிமையில் நாம் அதை மறந்துவிடுகிறோம். மறக்க வைப்பதுதான் அந்தப் பாட்டின் வேலையே. படத்தோடு சேர்த்துக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்ன நெருடல் உண்டு. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

மஞ்சும்மல் பாய்ஸ் அந்த நெருடலை எடுத்துவிட்டது. 2006-ல் கொச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைக் குழிக்குள் விழுகிறார், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வருகிறார். நடந்த கதை. இருவரும் மேலே வரும் இடத்தில், இது சாதாரண மனிதர்களின் காதல் இல்லை என்று பாட்டு சொல்லும் அந்த உச்ச இடத்தைப் போடுகிறார்கள். அதே குரல், அதே சொற்கள். பேசப்படுவது மட்டும் நட்பு. தியேட்டரில் பெரிய பெரிய ஆம்பளைங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீங்க. (காப்புரிமை நோட்டீஸ் பஞ்சாயத்து தனிக் கதை. அதுக்குள்ள நான் போகல.)

மூளையில் என்ன நடக்கிறது? 2011-ல் கனடா ஆய்வாளர்கள், மனசுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடம்பு சிலிர்க்கும் இடம் வரும்போது டோபமைன் சுரக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். சுவாரசியம் என்னவென்றால், அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. படம் ஆரம்பத்திலேயே பாட்டைக் காதில் போட்டுவிடுவது இதனால்தான் பலிக்கிறது. ரெண்டு மணி நேரம் நம்மைக் காக்க வைத்துவிட்டு அவிழ்த்து விடுகிறார்கள். முப்பது வருஷமாக அந்தப் பாட்டைச் சுமந்தவனுக்கு அது இன்னும் பலமாக அடிக்கும்.

இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியம். 2000-ல் எலிகளை வைத்துச் செய்தது. ஒரு ஒலி, கூடவே ஷாக். பிறகு ஒலியைக் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். ஒலியைப் போட்டு அந்தப் பயத்தை ஞாபகப்படுத்திய உடனே, புதுப் புரதங்கள் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. ஞாபகப்படுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் ஈரமாக இருக்கிறது, திரும்ப உள்ளே போகும் முன் மாறலாம். எலிக்குக் கண்மணி பாட்டு தெரியாதுதான். மனிதர் விஷயம் இதைவிடச் சிக்கல். ஆனால் பழைய பாட்டைப் புதிய படத்தில் கேட்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ திருத்தி எழுதப்படுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் சிலருக்குக் கோபம் வருகிறது. "நம்ம பாட்டைக் கெடுத்துட்டானுங்க!" நியாயமான கோபம். ஆனா ஒரு விஷயம். இலங்கை வானொலியிலும் டேப் ரெக்கார்டரிலும் பாட்டை முதலில் கேட்டு, ஆறு மாசம் கழித்துப் படம் பார்த்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டி வைத்திருந்த காட்சி ஒன்று, திரையில் வந்தது வேறொன்று. மரத்தைச் சுற்றி ஓடும் ஹீரோவைப் பார்த்து நொந்துபோனவர்கள் எத்தனை பேர்! சொந்தப் படமே சொந்தப் பாட்டைக் கெடுத்த கதை அது.

கண்மணி பாட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு மஞ்சும்மலுக்கு. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. மனநோய் உள்ளவனின் மனசை உள்ளிருந்து கேட்க வைத்த பாட்டுகள் தமிழில் மிகக் குறைவு. இனி கேட்பவர்களுக்கு குணா என்றால் ஒரு குகையின் பெயர். அந்த ஆள் காணாமல் போகிறான்.

அதே தீபாவளிக்கு வந்த தளபதியில் ஷோபனாவுக்கு யமுனை ஆற்றிலே என்று ஒரு குட்டிப் பாட்டு. ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. 2018-ல் '96' அதை எடுத்து, படம் முழுக்கப் பாடாமலேயே வைத்திருந்து, கரண்ட் போன இருட்டில் ஜானுவைப் பாட விட்டது. ஒரு வாத்தியமும் இல்லை. பாட்டை மதிப்பது என்றால் அதுதான். இப்போது வரும் பல படங்களில் பழைய பாட்டைச் சண்டைக்கு நடுவில் சொருகுகிறார்கள். விசில் வருகிறது, ஒத்துக்கறேன். வீட்டுக்குப் போகும்போது கையில் என்ன மிஞ்சுது?

படம் ஒரு பாட்டை நிஜமாகவே விஷமாக்கவும் முடியும். 1952-ல் ஜீன் கெல்லி மழையில் ஆடிய 'சிங்கின் இன் த ரெய்ன்' பாட்டை, 1971-ல் ஸ்டான்லி குப்ரிக் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தில் ஒருவன் வீடு புகுந்து அடித்து உதைக்கும்போது பாட வைத்தார். பார்த்தவர்களுக்கு அந்த மழை பழைய மழையாக இருக்காது.

சரி, நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்? மறதி நோய் உள்ள அப்பா அம்மாவுக்குப் பாட்டு போட்டு விடுங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வோம். பிள்ளைகளின் பெயர் போன பிறகும் பாட்டு மிஞ்சியிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நீங்களும் யூடியூபில் ஒரு ஹிட் லிஸ்ட் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். அதில் ஒரு பாட்டு அவருக்குக் காதல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏனென்றால் படத்தில் அது காதல் பாட்டு. அவருக்கு அது தம்பி செத்த அன்றைக்குப் பக்கத்துக் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் ஓடிய பாட்டாக இருக்கலாம். அது வந்ததும் அவர் ஏன் எழுந்து வாசலுக்குப் போகிறார் என்று உங்களுக்குப் புரியாது. அவராலும் சொல்ல முடியாது.

அதனால, வீட்டில் அறுபது தாண்டினவங்க நல்ல நினைவோட இருக்கும்போதே கேட்டு வைங்க. பிடிச்ச பாட்டு எது, எந்தப் பாட்டு வேண்டாம். படம் பேர் சொல்லி முடிச்சுட்டா விடாதீங்க. முதல்ல எங்க கேட்டாங்க, எந்த ஊர், டீக்கடை ரேடியோவா, திருவிழாக் கொட்டகையா, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கேளுங்க. ஒரு நோட்டில் எழுதி மருந்துச் சீட்டு ஃபைலோட சேர்த்து வைங்க. இருபது இருபத்தஞ்சு வயசு வரைக்கும் கேட்ட பாட்டுகள்ல ஆரம்பிச்சா சுலபமா வரும். வீடியோ வேண்டாம், ஆடியோ மட்டும் போடுங்க. காட்சி அவங்ககிட்ட இருக்கு.