முழங்காலில் "சடக்" சத்தம்! ஆபரேஷன் எப்போது?

ராமேசுவரம், பாம்பன் கரையில் முழங்காலுக்கு ஓய்வே கிடையாது. கரைவலை இழுப்பவர் மணலில் காலை ஊன்றி இழுக்கிறார். கடல்பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறார்கள். கருவாடு காய வைப்பதும் குந்தி உட்கார்ந்துதான்.

அந்தக் கால் ஒருநாள் "சடக்" என்று சத்தம் போட்டால்?

வலி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பலருடைய முழங்கால் சத்தம் போடும். அது நோய் அல்ல.

வலியும் சேர்ந்தால் கதை வேறு. தொடையின் பின்புறத் தசைகள் கயிறு போன்ற நாண்களாக முடிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கின்றன. காலை மடக்கி நீட்டும்போது நாண் எலும்பு மேட்டில் தடுக்கி, மறுபக்கம் துள்ளி விழும். சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இதை ஜவ்வுக் கிழிசல் என்று எண்ணிவிடுவதும் உண்டு. அசையாமல் படுக்க வைத்து எடுக்கும் ஸ்கேனில் நாண் துள்ளுவது தெரியாமல் போகலாம். ஆகவே வாயால் சொன்னால் போதாது. டாக்டர் எதிரிலேயே குந்தி எழுந்து காட்ட வேண்டும். காலை அசைத்துக் கொண்டே அல்ட்ரா சவுண்டில் பார்த்தால் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். அப்படிப் பார்க்க முடியுமா என்று கேட்கக் கூச்சம் எதற்கு? கால் நம்முடையது அல்லவா!

முதல் வைத்தியம் ஓய்வும் பயிற்சியும்தான். எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக உருவுவது வைத்தியம் அல்ல. உரசி வீங்கிய நாண் இன்னும் வீங்கும்.

சில மாதங்களாகியும் வலி தீராவிட்டால் ஆபரேஷன். உட்புற நாண் என்றால் வெட்டி விடுவித்து விடுவார்கள். "நாணை வெட்டினால் கால் முடமாகாதா?" என்று வீட்டார் பயப்படுவார்கள். ஆகாது. மூட்டுக்குள் ஜவ்வு அறுந்த விளையாட்டு வீரர்களுக்கு, அதே நாணை எடுத்துத்தான் பெரும்பாலும் புது ஜவ்வு வைக்கிறார்கள். அவர்கள் மறுபடி ஓடுகிறார்கள். மடக்கும் பலம் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

வெளிப்புற நாண் அப்படி அல்ல. எலும்பு மேட்டைச் சீவுவார்கள், அல்லது நாணை இடம் மாற்றித் தைப்பார்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அது சேதமானால் பாதம் தொங்கிவிடும். கைதேர்ந்த டாக்டர்தான் செய்ய வேண்டும்.

ராமநாதபுரத்துக்கு 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் அங்கே எலும்பு டாக்டரிடம் காட்டலாம்.

ஆபரேஷனுக்குப் பின் எத்தனை வாரம் கடலுக்குப் போகக் கூடாது என்பதை முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும். இது நாள் பார்த்துச் செய்யக் கூடிய ஆபரேஷன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளி தடை தொடங்கியதுமே செய்து கொண்டால், கூலி இழப்பு குறையும்.