மழைக்கு முன் பிள்ளையின் சைக்கிளை ஒருமுறை பாருங்கள்



ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்கியதும் வரவு இடாப்பில் நாங்கள் ஒரே விடயத்தைத்தான் காண்கிறோம். வட்டைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் பெயருக்கு நேரேதான் வராத நாட்கள் கூடுகின்றன. காரணம் கேட்டால் முதலில் "காய்ச்சல் சேர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு "சைக்கிள் பழுது சேர்" என்பார்கள்.

சென்ற மாரியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து ஒன்பது நாட்கள் வரவில்லை. நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் வீடு தேடிப் போனோம். முற்றத்தில் ஒரு கியர் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. முன்னுக்கும் ஸ்பிரிங், நடுவிலும் ஸ்பிரிங். வாங்கி ஆறு மாதமும் ஆகவில்லை. களியும் வைக்கோலும் சிக்கி, பின் கியர் வளைந்து கம்பிக்குள் போய், எட்டுக் கம்பிகள் உடைந்திருந்தன. அதற்குரிய சாமான் ஊரில் இல்லை. அவனுடைய உம்மா சொன்னார்: "வெல கூடினது நல்லதாத்தானே இரிக்கும் எண்டு நெனச்சம் சேர்."

அந்த உம்மாவில் பிழையில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கடையில் நிற்கும் சைக்கிளைப் பார்த்து வாங்குகிறோம். பிள்ளை ஓடப் போகும் பாதையைப் பார்த்து வாங்குவதில்லை. இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவது அதைத்தான்.

நமது பாதை எது?

சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. கடற்கரைப் பக்கம் மணல். மேற்கே போனால் கிறவல் வீதி, அதைத் தாண்டினால் வாய்க்கால் கட்டும் களிமண்ணும். ஒரு பிள்ளை ஒரே நாளில் பாடசாலைக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் டியூஷனுக்கும் போய், வாப்பாவுக்கு வட்டைக்குச் சோறும் கொண்டுபோகிறது. தார், மணல், கிறவல், களி எல்லாம் அந்த ஒரு சைக்கிளில்தான்.

நம் பக்கம் மலை இல்லை. கல்லில் குதிக்கும் சரிவும் இல்லை. ஆனால் கடைகளில் கண்ணைப் பறிக்கும் சைக்கிள்கள் மலைக்கென்று செய்யப்பட்ட சைக்கிள்களின் மலிவுப் பிரதிகள். நம்முடைய எதிரி ஏற்றமல்ல. சேறு, மணல், உப்புக் காற்று, இந்த மூன்றும்தான்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போன நாட்களில் எங்களில் பலரும் சைக்கிளுக்குத் திரும்பினோம். அப்போது நாங்கள் பட்ட பாட்டிலும், சைக்கிள் கடைக் காக்காமாரிடம் கேட்டும் கற்றதைத்தான் கீழே எழுதுகிறோம்.

கியரும் ஸ்பிரிங்கும்

சமதரையில் ஓடும் பிள்ளைக்கு 18 கியர், 21 கியர் தேவையில்லை. பின் கியர் நிலத்துக்குக் கிட்டத் தொங்குகிறது. களியும் வைக்கோலும் முதலில் சிக்குவது அதிலேதான். ஒரு தடவை சைக்கிள் விழுந்தால் வளைந்துவிடும். வளைந்தது தெரியாமல் கியர் மாற்றினால் கம்பிக்குள் போகும்.

மணலில் மிதிக்கக் கஷ்டம் என்றால் அதற்கு மலிவான வழி உண்டு. பின் ப்ரீவீலைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். 18 பல்லு இருந்தால் 20 பல்லுப் போடலாம். தாரில் வேகம் சற்றுக் குறையும், மணலிலும் சேற்றிலும் மிதி இலேசாகும். செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

மலிவான ஸ்பிரிங் சைக்கிள் பாரம் கூடியது. மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங் அமுங்குவதிலேயே போய்விடும். அதன் மூட்டுகளுக்குள் சேறும் மணலும் போனால் சில மாதங்களில் ஆட்டம் கண்டுவிடும். நடுவில் ஸ்பிரிங் உள்ளதில் ஒழுங்கான கெரியர் பூட்டுவதும் கஷ்டம். புத்தகப் பை முழுக்க பிள்ளையின் முதுகில். கெரியரில் ரப்பர் பட்டியால் பையைக் கட்டி முதுகைக் காலியாக விட்டால், வழுக்கும் இடத்தில் பிள்ளை தன்னைச் சமாளிக்கும்.

டயர், மட்கார்ட், பிரேக்

மெல்லிய டயர் மணலில் புதையும், களியில் வெட்டிக்கொண்டு இறங்கும். அகலமான டயர் மேலே நிற்கும். ஆனால் "26 டயர் தாங்க" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 26 × 1.95 என்பதும் 26 × 1⅜ என்பதும் பெயருக்கு ஒன்று, ரிம் வேறு. டயரின் பக்கத்தில் இன்னொரு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதலாவதில் 559, மற்றதில் 590. டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் அது, மில்லிமீற்றரில். அந்த இலக்கம் ஒத்துப்போனால்தான் டயர் பொருந்தும்.

காற்றிலும் கவனம் வேண்டும். கம்பிரசரில் கல்லுப் போல அடித்துவிட்டால் தாரில் ஓடும், ஈரக் களியில் வழுக்கும். எவ்வளவு குறையலாம், எவ்வளவு கூடலாம் என்பதும் பல டயர்களில் அச்சிட்டிருக்கும். மாரியில் குறைந்த எல்லைக்குக் கிட்ட வையுங்கள், கோடையில் கூட்டுங்கள். குறைந்த எல்லைக்கும் கீழே விட்டால் ரிம் டியூபைக் கடித்து இரண்டு ஓட்டை போடும்.

மட்கார்ட் இல்லாத சைக்கிள் பாடசாலைச் சைக்கிள் ஆகாது. வெள்ளைச் சீருடையின் முதுகில் நேர்கோடாகச் சேறு பட்டு, வகுப்பில் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த மழை நாளில் வராமல் நிற்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் டயரோடு ஒட்டிய மட்கார்ட்டுக்குள் களி இறுகிச் சக்கரமே நின்றுவிடும். அதனால்தான் பல பேர் கழற்றி வீசுகிறார்கள். கழற்ற வேண்டாம், உயர்த்துங்கள். டயருக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி முன் மட்கார்ட்டின் நுனியில் தொங்கவிட்டால் செயினிலும் காலிலும் சேறு அடிக்காது. களியைத் தட்டிவிட ஒரு குச்சியைக் கெரியரில் செருகிவைக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய சைக்கிள்களின் பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும், சைக்கிள் நிற்க வெகுதூரம் எடுக்கும். அலுமினியம் ரிம் ஈரத்திலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். வயர் இழுக்கும் சாதாரண வி-பிரேக் நமக்குப் போதும், கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். டிஸ்க் பிரேக் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் கட்டை உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்தப் பிரேக் ஆனாலும் சேற்றில் முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அளவும் பெண் பிள்ளைகளும்

"வளருவான்தானே" என்று பெரிய சைக்கிள் வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். சப்பாத்தும் அப்படித்தான் வாங்குகிறோம், ஆனால் பெரிய சப்பாத்தால் பிள்ளை வாய்க்காலில் விழுவதில்லை. 140 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு 24 அங்குலச் சக்கரம் போதும். 150ஐத் தாண்டியதும் 26க்குப் போகலாம். சீட்டில் இருந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். சேற்றுப் பாதையில் ஓடும் சின்னப் பிள்ளைக்கு அதைவிடச் சற்றுக் குறைத்து, இரண்டு கால் நுனியும் நிலத்தில் படும்படி வையுங்கள். வழுக்கும்போது கால் ஊன்ற முடிய வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த பிரேம், முழுவதும் மூடிய செயின் கவர், பின் சக்கரத்தில் துணி சிக்காத வலை, இந்த மூன்றும் கட்டாயம். ஒரு முறை ஹபாயா செயினில் இழுபட்டு நடு வீதியில் விழுந்த பிள்ளையை வீட்டில் திரும்பச் சைக்கிளில் அனுப்ப மாட்டார்கள். பிறகு கொண்டுவந்து விட ஆள் இருந்தால் வருவாள், இல்லாவிட்டால் இல்லை. ஒரு செயின் கவர் இல்லாததால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்க வேண்டுமா?

மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும்

மாரி தொடங்குமுன் சக்கர நடு, பெடல் அச்சு, ஹாண்டில் கழுத்து ஆகிய இடங்களில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைக்கச் சொல்லுங்கள். மழை ஓய்ந்ததும் இன்னொரு முறை. செயினுக்குக் கழிவு ஒயில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது மணலை இழுத்துப் பிடித்து செயினையும் பல்லையும் அராவும். செயினைத் துடைத்து, காயவிட்டு, சில சொட்டு நல்ல ஒயில் விட்டு, வெளிப்பக்கத்தைத் திரும்பத் துடைத்தால் போதும். சேற்றை வாளித் தண்ணீரால் கழுவுங்கள். சேவிஸ் கடையில் பிரஷர் தண்ணீர் அடித்தால் கிரீஸ் இருக்கும் இடத்துக்குள் தண்ணீரும் மணலும் போய்விடும்.

அன்பளிப்புச் செய்பவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நல்ல உள்ளங்கள் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் ஒரே அளவில் பத்துச் சைக்கிளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தால், அடுத்த மாரிக்குள் பாதி வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடக்கும். எங்களிடம் கேளுங்கள், பிள்ளைகளின் உயரம் அளந்து தருகிறோம். பத்துச் சைக்கிளுக்கான காசில் எட்டு வாங்குங்கள். மிகுதியை ஊர்ச் சைக்கிள் கடையில் பழுது பார்க்கும் செலவுக்கு வையுங்கள். பாடசாலைக்கு ஒரு நல்ல பம்பும், ஒட்டும் சாமானும், சில பிரேக் கட்டைகளும் வாங்கித் தாருங்கள். எட்டும் மூன்று மாரி ஓடினால், ஒரே மாரியில் நின்றுபோகும் பத்தைவிட அது பெரிய ஸதகா என்பது எங்கள் கருத்து.

"எங்கட மகன் பழைய காலத்துச் சைக்கிள் ஓட வெட்கப்படுகிறான்" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அதை நாங்கள் சிறிதாக எடுக்கவில்லை. பதின்மூன்று வயதில் நாமும் வெட்கப்பட்டவர்கள்தான். அவனுக்கு அகல டயரும் வி-பிரேக்கும் உள்ள, ஸ்பிரிங் இல்லாத மவுண்டன் பிரேம் ஒன்றை வாங்கி, மட்கார்ட்டும் கெரியரும் பூட்டிக் கொடுங்கள். பார்வைக்கும் குறைவில்லை, பாதைக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தச் சைக்கிளும் ஓடும் வெள்ளத்துக்கு ஆகாது. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளோடு வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அந்த நாள் வராமல் நிற்கும் பிள்ளையை ஏன் வரவில்லை என்று எந்த ஆசிரியரும் ஏசக் கூடாது.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுகிறோம். ஊர்ச் சைக்கிள் கடைக் காக்கா அந்தக் கியரைக் கழற்றி, உடைந்த கம்பிகளை மாற்றி, ஒற்றை ப்ரீவீல் போட்டு, செயினை வெட்டிக் கட்டிக் கொடுத்தார். பின் சக்கரம் பூட்டும் வாய் நீளவாட்டில் இருந்ததால் செயினை இழுத்து இறுக்க முடிந்தது. மட்கார்ட் பழையது, நிறமும் வேறு. அடுத்த திங்கட்கிழமை அவன் முதல் மணிக்கு முன்பே வந்திருந்தான்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு எழும்பியதும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் குந்துங்கள். காற்று, பிரேக், செயின், மட்கார்ட், சீட் உயரம், பின்னுக்குச் சிவப்பு ரிஃப்லெக்டர். உங்களுக்குத் தெரியாததைக் கடைக்காரரிடம் பிள்ளையையே கேட்க விடுங்கள்.

மாரி வருமுன் செய்துவிடுங்கள். மற்ற பெற்றோருக்கும் பகிருங்கள்.