விளக்குப் போயிற்று, வீறாப்பு?

தோழனே!

விக்கிரமங்கலம் கூட்டத்திற்குப் பழைய கார் ஒன்றிலே சென்றேன். "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று வழிநெடுகப் பின்னால் வந்தோர் எழுப்பிய ஒலி காதைத் துளைத்தது. கூட்டம் முடிந்து, நண்பரின் புத்தம்புதுப் பெரிய காரிலே, முகப்பில் கொடி பறக்கத் திரும்பினேன். அதே சாலை, அதே நான்! சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியும் ஒதுங்கி வழிவிட்டது. மதித்தது மனிதனையா? இல்லை, தகரத்தை!

நம்மூர்ப் பிணி மட்டுமன்று இது. அமெரிக்காவிலே டூப், கிராஸ் எனும் ஆய்வாளர் இருவர், பச்சை விளக்கு எரிந்த பின்னும் காரை நகர்த்தாது நிறுத்திச் சோதித்தனர். பழைய கார் நின்றபோது, பின்னால் நின்றோரில் நூற்றுக்கு 84 பேர் ஒலியெழுப்பினர். விலையுயர்ந்த கார் நின்றபோதோ 50 பேர்தான்! 1968-இல் வெளிவந்த முடிவு அது.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென மேடைதோறும் முழங்குகிறோம்; இரும்பால் மட்டும் உயர்வு தாழ்வு உண்டோ?

2017 மே 1 முதல், அமைச்சர், அதிகாரி கார்களிலிருந்து சிவப்புச் சுழல்விளக்கு அகற்றப்பட்டது. விளக்குப் போயிற்று, வீறாப்புப் போயிற்றா? அந்த விளக்கின் வாரிசாக நம் காரின் கொடி ஆகிவிடலாமா? எளியோனுக்கு வழி திறக்க ஏற்றிய கொடியன்றோ அது! அவனை வழியைவிட்டு விரட்டவா ஏற்றினோம்?

முன்னே சைக்கிளில் ஒருவன் செல்கிறான். ஒலியெழுப்புமுன் ஒரு நொடி எண்ணிப்பார், தோழனே! உன் கொடிக்கு உயரம் தந்தது அவன் வாக்கு!