லிவர்பூலில் விலைபோகாத பத்திரிகை

ஒரு பெருநகரத்து மக்கள் 1989ஆம் ஆண்டிலிருந்து ஒரு நாளிதழைக் கையாலும் தொடுவதில்லை என்று சொன்னால், பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் நம்பத் தயங்குவார்கள். வாசகனின் கோபம் ஒரு வாரம் நிற்கும், மிஞ்சினால் ஒரு மாதம் நிற்கும் என்பது ஆசிரியபீடங்களில் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அந்தக் கணக்குப் பொய்த்துப் போன ஊர் லிவர்பூல். செய்தி எழுதிப் பிழைக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அங்கு சென்று வர வேண்டும் என்பது என் கருத்து. உதைபந்தாட்டத்தில் ஆர்வம் இல்லாதவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் சென்றதென்னவோ உதைபந்தாட்டத்திற்காகத்தான். 2025 ஏப்ரலில் லண்டனில் தங்கியிருந்தபோது, அங்கு நெடுங்காலமாக வாழும் பள்ளித் தோழர் ஒருவர், "நீர் இவ்வளவு காலமும் பத்திரிகையிலே படம் பார்த்த மைதானங்களை ஒருக்கால் நேரிலே பாரும்" என்று சொல்லிப் புறப்பட வைத்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடசாலை அணியின் கோல் காப்பாளர் அவர். மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் தீவிர விசுவாசி. கார் வேண்டாம், ரயிலிலேயே போவோம் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் விதித்தேன். மன்செஸ்டர், லிவர்பூல், ஷெபீல்ட் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நான்கு நாட்கள்.

ரயில் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. லிவர்பூலுக்கும் மன்செஸ்டருக்கும் இடையிலான பாதை 1830 செப்டம்பர் 15ஆம் திகதி திறக்கப்பட்டது. இரண்டு நகரங்களை நீராவி இயந்திரத்தால் இணைத்த முதலாவது பாதை அதுவே. திறப்பு விழா நாளிலேயே ஹஸ்கிசன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் ரயிலில் அடிபட்டு இறந்தார் என்பதும் அந்தப் பாதையின் வரலாறு. உதைபந்தாட்டம் தெருச் சண்டை போன்ற நிலையிலிருந்து ஒழுங்கான போட்டித் தொடராக மாறியதற்கு, சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் இந்தத் தண்டவாளங்களுமே காரணம். அணியும் ரசிகர்களும் அடுத்த ஊருக்குப் போய் ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்ப முடிந்தபோதுதான் 'லீக்' என்ற ஏற்பாடு சாத்தியமாயிற்று. 1888இல் உருவான முதல் லீக்கில் இடம்பெற்ற 12 கழகங்களும் வடக்கு, நடு இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சேர்ந்தவை. லண்டன் கழகம் ஒன்றுகூட அதில் இல்லை. நண்பரின் மன்செஸ்டர் யுனைட்டட்டே 1878இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டிகளைத் திருத்தும் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம்தான். 1902இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது.

ஓல்ட் ட்ரபர்ட் மைதானத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. 1910இல் கட்டப்பட்டது, 1941இல் ஜேர்மன் குண்டுகளால் சிதைந்தது, இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. கிண்ணங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மின்னுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வருபவரின் பணப்பையைக் குறிவைத்துக் கடை திறந்திருக்கிறது. உலகப் புகழ்பெற்ற எந்த ஆலயத்துக்கும் எந்த மைதானத்துக்கும் இது பொது.

ஆனால் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. 'மியூனிக், 1958 பெப்ரவரி 6' என்று அதில் எழுதியிருக்கிறது. பெல்கிரேட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம், மியூனிக் ஓடுபாதையில் மூன்றாவது முறையாக எழும்ப முயன்றபோது நொறுங்கி 23 பேர் மாண்டார்கள். எட்டு வீரர்கள் இறந்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே விபத்தில் எட்டுப் பத்திரிகையாளர்களும் இறந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அவர்களில் ஒருவர் பிராங்க் சுவிப்ட், அக்காலத்தின் மிகச் சிறந்த கோல் காப்பாளர்களில் ஒருவர், ஆட்டத்தை விட்டபின் பேனா பிடித்தவர். என் நண்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த எட்டுப் பேரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இந்த விபத்துக்கு ஒரு பின்கதை உண்டு. விமானத்தின் இறக்கையில் படிந்திருந்த பனிக்கட்டியை அகற்றத் தவறியதே காரணம் என்று ஜேர்மன் விசாரணை விமானி ஜேம்ஸ் தெயினின் தலையில் பழியைப் போட்டது. ஓடுபாதையில் தேங்கிய பனிச்சேறே காரணம் என்று அவர் போராடிப் போராடி, 1969இல் பிரித்தானிய விசாரணை ஒன்று அவர்மீது குற்றமில்லை என்று சொல்லும்வரை பதினோரு ஆண்டுகள் சென்றன. உத்தியோகபூர்வமான அறிக்கை என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இந்தப் பாடத்தின் பெரிய வடிவம் அடுத்த ஊரில் காத்திருந்தது.

லைம் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கும்போது நண்பர் தமது சிவப்புக் கழுத்துத்துணியைப் பைக்குள் திணித்துவிட்டார். லிவர்பூலின் நிறமும் சிவப்புத்தானே என்றேன். "எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்" என்றார்.

லிவர்பூலில் இரண்டு மைதானங்கள், இடையில் ஸ்டான்லி பார்க் என்ற ஒரு பூங்கா. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். அன்பீல்ட் மைதானத்தில் முதலில் ஆடியது எவர்ட்டன் கழகம். வாடகைத் தகராறு முற்றி 1892இல் அவர்கள் பூங்காவுக்கு அப்பால் கூடிசன் பார்க்கிற்குப் போய்விட, வெறுமையான மைதானத்துக்கென்று அதன் பொறுப்பாளர் ஜோன் ஹௌல்டிங் உருவாக்கிய புதுக் கழகமே லிவர்பூல். ஒரு வளவுத் தகராற்றில் பிறந்த பெரும் பகை! எங்கள் ஊர் வேலிச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கூடிசனை நாங்கள் பார்த்தது அதன் கடைசி நாட்களில். மே 18ஆம் திகதி எவர்ட்டனின் ஆண்கள் அணி அங்கு இறுதியாக ஆடிவிட்டுத் துறைமுக ஓரத்திலுள்ள புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானம் பெண்கள் அணிக்குரியதாயிற்று. இரண்டு பார்வையாளர் மாடங்களுக்கு இடையில் ஒரு தேவாலயம் நெருக்கிக்கொண்டு நிற்கும் அதிசயத்தை அங்குதான் கண்டேன். 1927-28 பருவகாலத்தில் லீக்கில் 60 கோல்கள் அடித்த டிக்ஸி டீனின் சிலை வெளியே நிற்கிறது. அவர் 1980இல் உயிர்விட்டதும் இதே மைதானத்தில், லிவர்பூலுடனான ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

அன்பீல்டில் நாங்கள் நெடுநேரம் நின்றது ஒரு நினைவுக்கல்லின் முன்னால். 97 பெயர்கள், ஒவ்வொரு பெயரோடும் வயது. பத்து வயதுச் சிறுவன் முதல் அறுபத்தேழு வயது முதியவர் வரை.

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. லிவர்பூலும் நொட்டிங்ஹாம் பொரஸ்டும் மோதிய கிண்ண அரையிறுதி ஆட்டம் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடைபெற இருந்தது. லிவர்பூல் ரசிகர்களுக்கான நுழைவாயிலில் நெரிசல் முற்றியபோது, வெளியேறும் வாயில் ஒன்றைத் திறக்கப் பொலிஸ் அதிகாரி டேவிட் டக்கன்பீல்ட் உத்தரவிட்டார். உள்ளே வந்தவர்கள், ஏற்கெனவே நிறைந்திருந்த நடுக் கூண்டுகளுக்குள் ஒரு சுரங்க வழியாகத் தள்ளப்பட்டார்கள். முன்னால் இரும்பு வேலி. ஆட்டம் ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அன்று 94 பேர் இறந்தார்கள். நான்கு நாட்களின் பின் இன்னொருவர். 1993இல் இன்னொருவர். காயங்களோடு வாழ்ந்த கடைசி மனிதர் 2021இல்.

வாயிலை ரசிகர்கள் உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று டக்கன்பீல்ட் அப்பொழுதே சொன்னார். அது பொய் என்று அவர் ஒப்புக்கொண்டது 2015இல்.

அந்தப் பொய்க்குச் சிறகு கட்டியது பத்திரிகை. ஏப்ரல் 19ஆம் திகதி, 'சன்' நாளிதழ் முதற்பக்கத்தில் 'உண்மை' என்ற ஒற்றைச் சொல்லைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டது. ரசிகர்கள் பிணங்களின் சட்டைப்பைகளில் திருடினார்கள், பொலிஸார்மீது சிறுநீர் கழித்தார்கள், உயிர் காக்க முயன்ற பொலிஸ்காரரை அடித்தார்கள் என்பன அதன் கீழிருந்த செய்திகள். பொலிஸாரும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் சொல்லி, ஒரு செய்தி முகவரகம் வழியாக வந்த கதைகள் அவை. வேறு பத்திரிகைகளும் இவற்றை வெளியிட்டன. ஆனால் பொலிஸார் இவ்வாறு கூறுகின்றனர் என்ற அளவில் பல நிறுத்திக்கொண்டன. இவை உண்மை என்று தலைப்பிட்டது ஒன்றுதான். பிள்ளையைப் புதைக்காத வீடுகளின் வாசலில் அன்று காலை அந்தத் தாள் வந்து விழுந்தது.

அதன்பின் லிவர்பூலில் அந்தப் பத்திரிகை விழுந்ததுதான், எழவில்லை. விற்க மறுத்த கடைகள் இன்றும் மறுக்கின்றன. எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை, எந்த அரசும் ஆணையிடவில்லை. பகைக் கழகங்கள் இரண்டும் இதில் ஒன்றாயின. 2017இல் முதலில் லிவர்பூலும், இரண்டு மாதங்களின் பின் எவர்ட்டனும், அந்தப் பத்திரிகையின் செய்தியாளர்களுக்குத் தங்கள் கதவுகளை அடைத்தன. 2012இல் அந்தப் பத்திரிகை முதற்பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. ஊர் கேட்டுக்கொண்டது, ஆனால் வாங்கவில்லை.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இப்படியொரு பகிஷ்கரிப்பு ஆபத்தல்லவா என்று கேட்கும் சக தொழிலாளர்கள் உண்டு. ஆபத்து என்று நான் கருதவில்லை. பத்திரிகையைக் கொளுத்துவதும் செய்தியாளரைக் கடத்துவதும் எப்படியிருக்கும் என்பதைக் கண்ட நாட்டிலிருந்து வருபவன் நான். பணம் கொடுத்து வாங்க மாட்டேன் என்பது வாசகனுக்குள்ள மிக நாகரிகமான உரிமை. அதைப் பயன்படுத்தாத வாசகனைத்தான் பத்திரிகைகள் ஏமாற்றுகின்றன.

மறுநாள் ஷெபீல்டுக்கு ரயில். மன்செஸ்டரைத் தாண்டியதும் மலைகள் தொடங்குகின்றன. கல்வேலிகள், ஆட்டுக்கூட்டங்கள், ஏப்ரலின் மெல்லிய வெயில். பின்னர் டொட்லி சுரங்கம், மூன்றரை மைல் இருட்டு. நண்பர் அந்த இருட்டில் திடீரெனப் பேசினார். தமது கழகத்து ரசிகர்களில் சிலர் ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களைக் கேலி செய்து பாடுவதை மைதானத்தில் பல தடவை கேட்டிருக்கிறாராம். லிவர்பூல் பக்கத்துச் சிலர் மியூனிக் விபத்தைப் பாடிக்காட்டுவதையும் கேட்டிருக்கிறாராம். "நானும் அந்தக் கூட்டத்திலேதான் இருந்தனான், ஆனால் பாடவில்லை" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஷெபீல்டிலிருந்து ஹில்ஸ்பரோவுக்கு ட்ராம் போகிறது. லெப்பிங்ஸ் லேன் என்பதே அங்கு ஒரு தரிப்பிடத்தின் பெயர். அந்த வாயில்களின் முன்னால் நின்றபோது, இந்தக் குடும்பங்கள் கடைசியில் எதைக் கொண்டு வென்றன என்று யோசித்தேன். 1989 ஓகஸ்டிலேயே நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை பொலிஸாரின் கட்டுப்பாடு குலைந்ததே முக்கிய காரணம் என்று சொல்லிவிட்டது. ஆயினும் 1991இல் மரண விசாரணை 'விபத்து' என்றது. குடும்பங்கள் ஓயவில்லை. இறுதியில் ஒரு சுயாதீனக் குழு நாலரை இலட்சம் பக்க ஆவணங்களைப் பரிசீலித்து, 2012 செப்டம்பர் 12ஆம் திகதி வெளியிட்டது. பொலிஸாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116இலிருந்து பொலிஸ் ஏற்பாட்டைக் குறைகூறும் பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களில் 41 பேர் வரை காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பதும் வெளிவந்தது. 2016இல் புதிய மரண விசாரணையின் ஜூரிகள் 'சட்டவிரோதக் கொலை' என்று தீர்ப்பளித்தனர். கண்ணீரும் ஊர்வலமும் குடும்பங்களைச் சோராமல் வைத்திருந்தன. கதவைத் திறந்தது காகிதம். திருத்தியவர்கள் மூலப்பிரதிகளையும் எறியாமல் விட்டிருந்தார்கள் என்பதே பிரித்தானிய நிர்வாகத்தின் விசித்திரம்.

எங்களிடம் அந்தக் காகிதம் இல்லை, அல்லது காட்டப்படுவதில்லை. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் 1999 ஏப்ரலில் திருத்த வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது இருபத்தைந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்த மைதானத்தில் பெயர்களும் வயதுகளும் பொறித்த கல் எதுவும் வைக்க முடியவில்லை. பெயர் தெரிந்தால்தானே வயது தெரியும்? 'பாதுகாப்பு வட்டாரங்கள் தெரிவித்தன' என்ற மூன்று சொற்களோடு முடிந்துபோன செய்திகள் எங்கள் பழைய பத்திரிகைக் கட்டுகளில் எத்தனையோ கிடக்கின்றன. கொழும்பிலும் அச்சொற்கள் அச்சாகின, வேறு திசைகளிலிருந்து வேறு தரப்புகளின் பெயரால் வந்தவையும் அப்படியே அச்சாகின. எங்கள் வாசகர்கள் எந்தப் பத்திரிகையையும் வாங்காமல் விட்டதில்லை. அவர்களுக்கு வேறு செய்தி கிடைக்கவும் இல்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருந்த தாய்மார் கேட்டதும் பட்டியலைத்தான். சரணடைந்தவர்களின் பெயர் எழுதிய ஒரு காகிதம்.

அன்று மாலை ஷெபீல்டிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறினோம். நண்பர் உறங்கிவிட்டார்.

இன்னொரு தகவலையும் இங்கு பதிய வேண்டும். வாக்குமூலங்களைத் திருத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு முன்னாள் பொலிஸ் அதிகாரிகளும் ஒரு சட்டத்தரணியும் 2021இல் விடுவிக்கப்பட்டார்கள். அவை டெய்லரின் விசாரணைக்காகத் தயாரிக்கப்பட்டவை, அது நீதிமன்றம் அல்ல, ஆகவே வழக்கு நிற்காது என்பது நீதிபதியின் முடிவு. டக்கன்பீல்டும் 2019இலேயே குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றிருந்தார். சட்டவிரோதக் கொலை நடந்தது, கொன்றவர் எவருமில்லை. இந்த ஓட்டையை அடைக்கவென, அரச அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமூலம் 2025 செப்டம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. ஹில்ஸ்பரோ சட்டம் என்றே அதை அழைக்கிறார்கள்.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் அதே நண்பர்தான். முழுவதையும் வாசித்துக் காட்டியபின், "இதிலே பத்திரிகைக்காரர்களைப் பற்றி ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை, அது அரச அதிகாரிகளுக்கானது என்றேன்.