47-க்கும் காருக்கும் என்ன ராசி?

1979-ல் ஜப்பானில் முதல் சுஸூகி ஆல்டோ வந்தது. விளம்பரத்தில் அழகையோ வேகத்தையோவிட முன்னால் நின்றது விலைதான்: 4,70,000 யென். நாடு முழுக்க ஒரே விலை என்பது அன்று பெரிய சங்கதி!

நாலு வருஷம் கழித்து, 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை ஹர்பால் சிங் கையில் கொடுத்தார் பிரதமர் இந்திரா காந்தி. அதுவும் சுஸூகி வார்ப்புதான். விலை சுமார் 47,500 ரூபாய். நாடு வேறு, பணம் வேறு. 47 மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது.

விளம்பரத்தில் விளையாடுவது ஜப்பான்காரர்களுக்குக் கைவந்த கலை. 1980-களில் இசுஸு ஜெமினி கார்கள் பாரிஸ் தெருக்களில் ஜோடி போட்டு நடனமாடின. கம்ப்யூட்டர் ஜாலம் கிடையாது. ஸ்டன்ட் டிரைவர்கள் நிஜமாகவே ஓட்டியது. 1970-களில் நிஸான் ஸ்கைலைன் விளம்பரத்தில் கென், மேரி என்ற ஜோடி ஊர் ஊராகச் சுற்றியது. அதில் வந்த பாப்ளர் மரத்துக்கு இன்றும் 'கென் - மேரி மரம்' என்றே பெயர். ஹொக்கைடோவின் பியெய் ஊருக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்!

நம்மூர் டி.வி-யில் மாருதிக்கு ஒரு சர்தார் பொடியன் போதுமானதாக இருந்தான். பொம்மை காரைத் தரை, சுவர், அப்பாவின் முதுகு என்று எல்லா இடத்திலும் ஓட்டுவான். 'போதும்டா' என்று அப்பா அலுத்துக்கொண்டால், பெட்ரோல் தீரவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்ய என்று அப்பாவியாகக் கேட்பான். இந்தி புரியாத வீடுகளிலும் சிரிப்பு வந்தது. காரணம், 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்ற கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

விழுப்புரம் பக்கத்துச் சின்ன ஊர்களில் அந்த 800-க்குக் கிடைத்த மரியாதையே தனி. வாங்கிய அன்று சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்புறம் அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. பிரசவ வலியா, பெண் பார்க்கும் படலமா, நள்ளிரவில் ஆஸ்பத்திரியா... தெருவே சாவி கேட்டு வரும்.

2014 ஜனவரியோடு 800-ன் உற்பத்தி நின்றுவிட்டது. சொந்தக் காருக்கு 15 வயது முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த வண்டிகளுக்கே 2029-ல் அந்த வயது வந்துவிடும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025-ல் அது 10,000 ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் விலையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பல வீடுகளில் வாக்குவாதம் ஆரம்பிக்கிறது. 'வித்துடலாம்பா' என்று மகன். 'நீ பொறந்து வீட்டுக்கு வந்ததே இதுலதான்டா' என்று அப்பா.

திருவெண்ணெய்நல்லூருக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணக் கோலத்தில் இருந்த சுந்தரரை, ஒரு பழைய ஓலையைக் காட்டித் தன் ஆள் என்று வழக்காடி ஜெயித்தாராம் கிழவர் வேடத்தில் வந்த சிவபெருமான். ஓலை சரியாக இருந்ததால் கிழவர் பக்கம் தீர்ப்பு!

இன்றைக்கு ஓலையின் இடத்தில் ஆர்.சி புத்தகம். வீட்டில் பழைய 800 நிற்கிறதா? அதை எடுத்து, பதிவு முடியும் தேதியை இன்றே பாருங்கள். தேதி தாண்டிய பிறகு பாசத்தை மட்டும் காட்டினால் ஆர்.டி.ஓ ஆபீஸில் வழக்கு நிற்காது!